எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், முட்டி நழுவுகிறது

கேள்வி: நாங்கள் வியாசர்பாடியில் இருக்கிறோம். என் மகனுக்கு 19 வயது. கால்பந்து கோட்டாவில் சீட் கிடைத்துக் கல்லூரியில் படிக்கிறான். ஆறு வாரத்துக்கு முன் மேட்ச் ஆடும்போது, யாரும் இடிக்காமலே, சட்டென்று திரும்பியதில் வலது முட்டிக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டதாம். அன்று சாயங்காலத்துக்குள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தோம்; ஒன்றுமில்லை என்றார்கள். சொந்தக்காரர்கள் சொன்னதால் நாட்டுக் கட்டு போட்டு மூன்று வாரம் படுக்க வைத்தோம். வலியும் வீக்கமும் போய்விட்டன. போன வாரம் திரும்ப ஆடப் போனவன் பத்தே நிமிடத்தில் முட்டி நழுவி விழுந்துவிட்டான். இப்போது மாடிப்படி இறங்கவே பயப்படுகிறான். ஜவ்வு கிழிந்திருக்கும், ஆபரேஷன்தான் என்கிறார் ஒருவர். ஆபரேஷன் செய்தால் கால் பழையபடி வராது என்கிறார் இன்னொருவர். கட்டு போட்டது தப்பா? சீட் போய்விடும் என்று பயந்து கோச்சிடம்கூட அவன் சொல்லவில்லை. இன்னொரு விஷயம், எனக்கும் ஒரு வருடமாக இடது கணுக்கால் அடிக்கடி பிசகுகிறது. முதலில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சுளுக்கியது, அதற்கப்புறம் மூன்று தடவை ஆகிவிட்டது. எனக்கு வயது 46.

— ஒரு தாய், வியாசர்பாடி

பதில்:

அம்மா, வணக்கம்.

தம்பியின் முட்டியை ஓர் எலும்பு மருத்துவர் கையால் தொட்டுச் சோதிக்கும்வரை அவர் மைதானத்தில் இறங்க வேண்டாம். சும்மா பந்தைத் தட்டிப் பார்க்கிறேன் என்பதும் வேண்டாம். நீங்கள் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் அவர் இன்னொரு மேட்ச்சுக்குக் கிளம்பிவிடுவாரோ என்று எனக்குக் கவலை. அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

இருபது வருடமாக இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி) பார்க்கிறேன். வடசென்னைப் பிள்ளைகளின் முட்டிகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. உங்கள் கடிதத்தில் ஐந்து விவரங்களை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். யாரும் இடிக்கவில்லை. கால் தரையில் ஊன்றியிருக்கும்போது உடம்பு திரும்பியிருக்கிறது. உள்ளே சத்தம் கேட்டிருக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள்ளேயே வீங்கியிருக்கிறது. வலி போன பிறகும் நழுவுகிறது. இந்த ஐந்தும் சேர்ந்து வந்தால், முட்டிக்குள் எலும்புகளைக் கட்டிவைக்கும் முன் குறுக்கு நார் அறுந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்போம். மருத்துவர்கள் இதை 'ஏசிஎல்' என்பார்கள். நேரில் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது போல இவ்வளவு தெளிவாக விவரம் சொல்பவர்கள் குறைவு. மருத்துவரிடமும் இதையே, இதே வரிசையில் சொல்லுங்கள்.

இதில் எனக்கு மிக முக்கியமானது வீங்கிய நேரம். அடிபட்ட சில மணி நேரத்துக்குள் முட்டி புடைத்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ரத்தம். ரத்த ஓட்டம் உள்ள ஏதோ ஒன்று உள்ளே அறுந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது என்று அர்த்தம். ராத்திரி ஒன்றும் தெரியாமல் தூங்கி, மறுநாள் காலையில் எழுந்து பார்க்கும்போது வீங்கியிருந்தால், அது பெரும்பாலும் உறுத்தலில் மூட்டு சுரந்த நீர். 'நீர் கோத்துக்கொண்டது' என்று நாம் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிவிடுகிறோம். என்னிடம் புதிதாக வருபவர்களிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்னாலேயே எப்போது வீங்கியது என்றுதான் கேட்பேன்.

சரி, எக்ஸ்ரே. அங்கே உங்களிடம் சொன்னது 'எலும்பில் ஒன்றுமில்லை' என்பதாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் 'எலும்பில்' என்ற சொல் உதிர்ந்துபோய் 'ஒன்றுமில்லை' மட்டும் மிஞ்சிவிடுகிறது. வாரத்தில் இரண்டு பேராவது இப்படி வருகிறார்கள். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். நார் அறுந்ததையோ குருத்து கிழிந்ததையோ காட்டாது. எலும்பு முறியவில்லை என்று தெரிந்துகொண்டது நல்லதுதான், அதற்காக எக்ஸ்ரே தேவைதான். ஆனால் அது பாதிக் கேள்விக்குத்தான் பதில்.

அடுத்தது இந்த 'ஜவ்வு'. நம் ஊரில் முட்டிக்குள் எலும்பைத் தவிர இருக்கும் எல்லாவற்றுக்கும் ஜவ்வு என்று ஒரே பெயர். தேய்ந்தாலும் ஜவ்வு, கிழிந்தாலும் ஜவ்வு, அறுந்தாலும் ஜவ்வு. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 60 வயதில் ஜவ்வு தேய்ந்ததும், உங்கள் பையனுக்கு 19 வயதில் ஜவ்வு அறுந்ததும் வேறு வேறு சமாசாரம், வைத்தியமும் வேறு. அவருக்கு எண்ணெய் தேய்த்ததில் குணம் தெரிந்தது என்பதால் இவருக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது. அதனால் உள்ளே என்னதான் இருக்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

காலில் மூன்று பெரிய மூட்டுகள். இடுப்பு மூட்டு, கிண்ணத்துக்குள் உட்கார்ந்த உருண்டை. தொடை எலும்பின் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதை இடம்பெயர்க்க ஒரு பைக் விபத்தின் வேகம் வேண்டும். வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழும்போது பெரும்பாலும் உடைவது அந்த உருண்டைக்குக் கீழே இருக்கும் எலும்பின் கழுத்து. விழுந்தவரின் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், நீவி விடாமல், எழுப்பி நடக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள். நீங்கள் இதைக் கேட்கவில்லை. ஆனாலும் வீட்டில் பெரியவர்கள் இருக்கும் யாரிடமும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

கணுக்கால், தச்சர் செய்த பொருத்து மாதிரி. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் இறங்கி வந்து, பாதத்தின் மேலெலும்பை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்கின்றன. துளையில் செருகிய குடுமி போல அது உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

முட்டிக்கு இந்த இரண்டு பாக்கியமும் இல்லை. உடம்பிலேயே மிக நீளமான இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடம் அது. மேலே தொடை எலும்பின் இரண்டு உருண்டை முனைகள், கீழே கிட்டத்தட்டத் தட்டையான ஒரு மேடை. குழியும் கிடையாது, கவையும் கிடையாது. தட்டையான தரையில் உருண்டைப் பானையை வைத்தால் உருளும் இல்லையா, அதற்குத்தானே பிரிமணை? முட்டிக்குள்ளும் இரண்டு பிரிமணைகள் உண்டு, உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. பிறை வடிவத்தில் இருக்கும் குருத்து அது. பானையை உருளாமல் பிடித்துக்கொள்வதோடு, எடையை ஒரே புள்ளியில் இறங்கவிடாமல் பரப்பிவிடுவதும் அதன் வேலை. இவை தவிர, எலும்புகளின் முனையில் தேங்காய் வழுக்கை மாதிரி வெள்ளையாக, வழுவழுப்பாக ஒரு பூச்சு இருக்கிறது. அதுவும் குருத்துதான். பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தேய்ந்தது இந்தப் பூச்சு.

பிரிமணை இருந்தால் மட்டும் போதாது, மேலெலும்பும் கீழெலும்பும் விலகாமல் கட்டிவைக்கக் கயிறு வேண்டும். முக்கியமான கயிறுகள் நான்கு. உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, நட்டநடுவில் பெருக்கல் குறி போல ஒன்றையொன்று தாண்டிப் போகும் இரண்டு. அந்த நடு இரண்டில் முன்னால் இருப்பதுதான் தம்பிக்கு அறுந்திருக்கும் என்று நான் சந்தேகப்படுவது. சுமார் 3 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. கீழெலும்பு முன்னால் வழுக்கி ஓடாமலும், முட்டி அளவுக்கு மேல் திருகாமலும் பார்த்துக்கொள்வது அதுதான். நேராக நடக்கும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை. அதனால்தான் அது அறுந்தவர்கள்கூட பஸ் ஸ்டாப் வரை நன்றாக நடப்பார்கள். ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது, திசை திரும்பும்போது, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதுதான் அந்தக் கயிறு இல்லாத குறை தெரியும். கால்பந்தில் இந்த மூன்றைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

இப்போது என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். வலி போவதும் மூட்டு சரியாவதும் வேறு வேறு. அறுந்த நார் தொடர்ந்து வலிக்காது. உள்ளே கட்டிய ரத்தம் கரைந்து வீக்கம் வடிந்ததும் வலி அடங்கிவிடும். முட்டி குணமாகிவிட்டது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள், ஆடுபவர் உட்பட. பக்கவாட்டில் இருக்கும் நார், குறிப்பாக உள்பக்கத்து நார், ஓய்வும் பயிற்சியும் கிடைத்தால் பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். நடுவில் இருக்கும் குறுக்கு நார் மூட்டு நீரில் நனைந்துகொண்டே இருக்கிறது. அறுந்த முனைகளை ஒட்டவைக்க வேண்டிய ரத்தக் கட்டி அந்த நீரில் நிலைத்து நிற்பதில்லை. அதனால் பெரும்பாலானவர்களுக்கு அது பழையபடி சேர்வதில்லை.

அப்படியே விட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். துறைமுகத்தில் சுமை ஏற்றும் வேலை பார்த்த ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். கடற்கரையில் ஆடும்போது முட்டி திருகியிருக்கிறது. வலி போய்விட்டது என்று இரண்டு வருடம் விட்டுவிட்டார். மாதம் ஒருமுறை நழுவும், உட்கார்ந்து தடவிக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஒருநாள் முட்டி மடங்கியபடியே பூட்டிக்கொண்டது, நீட்டவே முடியவில்லை. பார்த்தால் உள்பக்கத்துப் பிரிமணை நீளவாக்கில் கிழிந்து, நடுவில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நழுவலிலும் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் நசுங்கி நசுங்கிக் கிழிந்திருக்கிறது. அந்தக் குருத்தின் வெளி ஓரத்தில்தான் ரத்த ஓட்டம் உண்டு, அங்கே கிழிந்தால் தைத்துக் காப்பாற்றலாம். அவருக்குக் கிழிந்த பகுதியைத் தைக்கும் நிலை தாண்டிவிட்டது, ஒரு பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று.

முன்பெல்லாம் கிழிந்த குருத்தை முழுதாகவே வெட்டி எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்த முட்டிகளில் தேய்மானத்தின் மாற்றங்கள் வருவதை ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1948-ல் எக்ஸ்ரே வைத்துக் காட்டினார். இன்று முடிந்த அளவுக்குக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்கள். தம்பி இதுவரை ஒருமுறைதான் நழுவி விழுந்திருக்கிறார். இரண்டாவது முறை நடக்கக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அவர் முட்டியும் என்றாவது பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் ஓபி நாளுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.

கட்டு போட்டது தப்பா என்று கேட்டீர்கள். அந்த நேரத்தில் பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தீர்கள், ஓய்வில் வீக்கமும் வடிந்திருக்கிறது. அதை நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். அறுந்த நார் கட்டில் சேராது, அவ்வளவுதான். நீங்கள் இழந்தது தொடைச் சதையை. ஒரு தையல்காரர் டேப் எடுத்து, முட்டிச் சில்லுக்கு மேலே 15 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு தொடையையும் அளந்து பாருங்கள். வலது தொடை மெலிந்திருப்பது உங்களுக்கே தெரியும். மூன்று வாரம் அசையாமல் வைத்ததன் விலை அது, திரும்பச் சம்பாதித்துவிடலாம். இனி யாருக்காவது எந்தக் கட்டு போட்டாலும், மாவுக்கட்டாகவே இருந்தாலும், ஒன்றைக் கவனியுங்கள். விரல்கள் நீலமாகவோ வெளிறியோ போனால், மரத்துப்போனால், விரலை அசைத்தாலே கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி வந்தால், அந்தக் கட்டை உடனே தளர்த்த வேண்டும், மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் நின்று கால் இழந்தவர்கள் உண்டு.

இனி செய்ய வேண்டியது. உங்கள் வீட்டிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனை பக்கம்தான். காலையிலேயே போய் எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டுங்கள். மருத்துவர் முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். லாக்மன் சோதனை என்று பெயர். நார் நன்றாக இருந்தால் இழுவை டக்கென்று ஓர் இடத்தில் நிற்கும், அறுந்திருந்தால் நிற்காமல் வரும். அடிபட்ட அன்று வலியிலும் வீக்கத்திலும் இதைச் சரியாகச் செய்ய முடியாது. இப்போது வீக்கம் வடிந்திருப்பதால் நன்றாகத் தெரியும். அப்புறம் எம்ஆர்ஐ எழுதிக் கொடுப்பார்கள். அது நாருக்காக மட்டுமல்ல, பிரிமணை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கவும்தான். ஆபரேஷன் எப்போது, எப்படி என்பது அதைப் பொறுத்து மாறும். பழைய எக்ஸ்ரேயையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் எடுத்துப்போங்கள், காப்பீட்டுப் பிரிவில் அன்றே விசாரித்துவிடுங்கள்.

ஆபரேஷன் கட்டாயமா? எல்லோருக்கும் இல்லை. 2010-ல் ஸ்வீடனில் இருந்து ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. இந்த நார் அறுந்த, விளையாட்டில் ஈடுபாடுள்ள 121 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஆரம்பத்திலேயே ஆபரேஷனும் பயிற்சியும், இன்னொரு பகுதிக்குப் பயிற்சி மட்டும், நழுவல் தொடர்ந்தால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்து வலி, அன்றாட வேலை, விளையாட்டு எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்ததில் இரண்டு பகுதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் 23 பேர் அந்த இரண்டு வருடத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள், மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. அதனால் நார் அறுந்தாலே கத்திதான் என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் தம்பி விஷயத்தில் என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன். வயது 19. திரும்பித் திரும்பி ஆடும் விளையாட்டு. படிப்பே அந்த விளையாட்டை நம்பி இருக்கிறது. ஏற்கனவே நழுவி விழுந்துவிட்டார், படி இறங்கவும் பயம் இருக்கிறது. சோதனையில் நார் அறுந்திருப்பது உறுதியானால், கால்பந்துக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் நினைத்தால், ஆபரேஷன் நல்ல வழி என்றுதான் நான் சொல்வேன். என் சொந்தத் தம்பியாக இருந்தாலும் இதையே சொல்வேன்.

அந்த ஆபரேஷனில் அறுந்த முனைகளைச் சேர்த்துத் தைப்பது வழக்கமான முறை இல்லை. தொடையின் பின்பக்கத்துத் தசைநாணையோ (சதையை எலும்போடு பிணைக்கும் பட்டை அது), முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணின் ஒரு பகுதியையோ எடுத்து, எலும்பில் துளை போட்டு, புதுக் கயிறாகக் கட்டுவார்கள். சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்வது. கிருமித் தொற்று, மூட்டு இறுகிப்போவது, கெண்டைக்காலில் ரத்தம் உறைவது என்று ஆபத்துகள் இருக்கின்றன. அவை எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'கால் பழையபடி வராது' என்று சொன்னவர் பார்த்தது, ஆபரேஷன் செய்துவிட்டுப் பயிற்சியை விட்டவர்களாக இருக்கலாம். நான் அப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். தையல் பிரித்தாயிற்று, நடக்க வருகிறது, இனி பஸ் செலவு எதற்கு என்று நின்றுவிடுவார்கள். முட்டி பத்து டிகிரி மடங்கியபடியே நின்றுவிடும். ஆபரேஷன் ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகான பயிற்சி ஒன்பது மாதம். இரண்டுக்கும் சேர்த்துத் தயாரானால்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பது மாதம் என்பது நான் கையிலிருந்து போட்ட கணக்கல்ல. நார்வேயில் இப்படி ஆபரேஷன் செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்பதாம் மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடுவது சுமார் பாதியாகக் குறைந்தது. ஒட்டவைத்த தசைநாண் முதல் சில மாதங்களில் பலம் குறைந்து, பிறகுதான் மெல்ல மெல்ல நாராக மாறுகிறது. நான்காவது மாதம் வலியே இருக்காது, ஓடத் துடிப்பார்கள். அம்மாக்கள் கண்டிப்பாக இருக்க வேண்டிய நேரம் அது. ஒன்பது மாதம் முடிந்தாலும், ஒற்றைக் காலில் தாண்டும் தூரமும் தொடையின் பலமும் நல்ல காலின் அளவில் 90 சதவீதமாவது வந்த பிறகுதான் மைதானம்.

ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் இன்றே தொடங்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முட்டி முழுதாக நீள வேண்டும், தொடை பழைய பலத்துக்கு வர வேண்டும். இறுகிய முட்டியோடு ஆபரேஷனுக்குப் போனால் பிறகு இன்னும் இறுகும். தம்பி பாயில் மல்லாந்து படுத்து, குதிகாலுக்கு அடியில் மட்டும் ஒரு சுருட்டிய துண்டை வைக்கட்டும். முட்டியின் பின்பக்கம் தானாகத் தரையை நோக்கி இறங்க வேண்டும். நல்ல கால் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு இதுவும் இறங்க வேண்டும். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. பிறகு அந்தத் துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி அதை அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும், பத்து முறை. முட்டியை மடக்காமல் காலை ஒரு அடி உயரம் தூக்கி இறக்குவது, பத்து முறை. குதிகாலைத் தரையில் இழுத்துக்கொண்டே முட்டியை மடக்கி நீட்டுவது. ஓடாத சைக்கிள் கிடைத்தால் மிகவும் நல்லது. செய்த பிறகு வீங்கினால் அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். மீதியை நேரில் ஒரு இயன்முறை மருத்துவர் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

இந்தச் சமயத்தில் தவிர்க்க வேண்டியவற்றில் பிள்ளைகள் கேட்காதது பஸ் படிக்கட்டுத்தான். ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்து இறங்குவதும் கால்பந்தில் தாவி இறங்குவதும் முட்டிக்கு ஒன்றுதான். பைக்கில் சிக்னலில் நிற்கும்போது காலை ஊன்றித் திருப்புவதும் அப்படியே. எண்ணெய் போட்டு உருவிவிடுவது, சுளுக்கு எடுப்பது எதுவும் வேண்டாம்.

கோச்சிடம் தம்பியே போய்ச் சொல்லட்டும். அவரால் முடியாவிட்டால் நீங்கள் கூடப் போங்கள். மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி, உடற்கல்வி இயக்குநரிடமும் கொடுத்துவிடுங்கள். மறைத்து ஆடி, பிரிமணையும் போய்விட்டால் ஒரு வருடத்தோடு நிற்காது. சொல்லிவிட்டு நின்றால் ஒரு வருடம்தான். வியாசர்பாடியில் கால்பந்து என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், அந்த ஒரு வருடம் 19 வயதில் எவ்வளவு பெரிது என்பதும் தெரியும். கோச்சிடம் பேசும்போது இதையும் கேளுங்கள்: ஆட்டத்துக்கு முன் அணி முழுதும் 'ஃபிஃபா 11+' பயிற்சி செய்கிறதா என்று. இருபது நிமிடம், பெரிய உபகரணம் எதுவும் வேண்டாம். ஓட்டம், ஒற்றைக் கால் சமநிலை, சரியாகத் தாவி இறங்குவது எல்லாம் அதில் இருக்கிறது. ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தம்பிக்கு நடந்தது அவருடைய அணியில் இன்னொரு பையனுக்கு நடக்காமல் இருக்கட்டும்.

இனி உங்கள் கணுக்கால். கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், ஒரு வருடமாகப் பொறுத்துக்கொண்டும் இருக்கிறீர்கள். பாதம் உள்பக்கம் மடங்கிப் பிசகும்போது கணுக்காலின் வெளிப்பக்கத்து நார்தான் இழுபடும். மூன்று நார்கள் அங்கே உண்டு, முன்னால் இருப்பதுதான் முதலில் போகும். அதுவும் பெரும்பாலும் கூடிவிடுகிற நார்தான். பிறகு ஏன் திரும்பத் திரும்பப் பிசகுகிறது? பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அந்த நாருக்குள் இருக்கின்றன. நார் கிழியும்போது அந்தச் செய்தியும் மழுங்கிவிடுகிறது. தோண்டிப்போட்ட தெருவில் கால் சாயும்போது, வெளிப்பக்கத்துச் சதை இறுகிப் பிடிக்க வேண்டியது கொஞ்சம் தாமதமாகிறது. கட்டும் தைலமும் அதைச் சரிசெய்யாது, பழக்கித்தான் சரிசெய்ய வேண்டும்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இடது காலில் மட்டும் நில்லுங்கள். 30 விநாடி, ஐந்து முறை. பிடிக்காமல் நிற்க வந்ததும், மடித்த போர்வையின் மேல் நில்லுங்கள். அதுவும் பழகிய பிறகு, மேடையை லேசாகத் தொட்டபடி கண்ணை மூடி நில்லுங்கள். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே முடிந்துவிடும். கூடவே இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்குவது 15 முறை, பலம் வந்ததும் ஒரே காலில். தினமும் ஆறு வாரம் செய்யுங்கள். வெளியே போகும்போது ரப்பர் செருப்பை விட்டுவிட்டு, குதிகாலின் பின்னால் வார் உள்ளதைப் போடுங்கள். மழைக்காலத்தில் கணுக்கால் உறை ஒன்று போட்டுக்கொள்வதும் நல்லது.

அடுத்த முறை பிசகினால் எக்ஸ்ரே தேவையா என்று பார்க்க ஒரு வழி உண்டு, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வகுத்தது. நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும், கணுவின் இரண்டு பக்க எலும்பின் பின்னோரத்தையோ நுனியையோ அழுத்தினால் வலித்தாலும், பாதத்தின் வெளி விளிம்பின் நடுவிலோ உள்பக்க வளைவின் மேலோ எலும்பில் வலித்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஒரு வருடத்தில் நான்கு முறை பிசகியிருப்பதால், நார் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று ஒருமுறை கையால் சோதிப்பதும் நல்லது. ஸ்டான்லியில் தம்பிக்கு ஓபி சீட்டு போடும்போது உங்கள் பெயரிலும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.